பொதுச்சேவையில் பாகுபாடின்மை: ஊரூர் ஒல்காட் குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு நகரத்தின் நிர்வாகம் தன் மக்களுக்கு வழங்கும் சேவைகளில் சாதி, சமயம், மொழி, பால், உடற்குறை, வறுமை ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு எவரையும் விலக்கலாகாது என்னும் கொள்கையை இன்று வெளிப்படையாக மறுப்பார் இலர். அரசியலமைப்பு அதனை உறுதி செய்துள்ளது. நீதிமன்றங்கள் அதனைப் பலமுறை வலியுறுத்தியுள்ளன. ஆயினும் ஏட்டில் எழுதப்பட்ட கொள்கைக்கும் தெருக்கோடிக் குழாயடிக்கும் இடையே எவ்வளவு தொலைவு எஞ்சியுள்ளது என்பது ஆராயத்தக்க வினாவாகும். சென்னை மாநகரின் மீனவக் குடியிருப்பு ஒன்றை முன்வைத்து, இக்கொள்கையின் வரலாற்றையும், அதன் சட்ட நிலையையும், அது தவறிப்போகும் வழிகளையும் இக்கட்டுரையில் நோக்குவோம். நம் மரபில் ஹிஸ்பா எனப் பெயர் பெற்ற பொதுக் கண்காணிப்பு முறை இவ்விடயத்தில் நமக்குக் கற்பிப்பது யாது என்பதையும் இறுதியில் காண்போம்.

குப்பமும் அதன் அயலும்

அடையாறு ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, எலியட்ஸ் கடற்கரைக்கு வடபால் அமைந்திருப்பது ஊரூர் ஒல்காட் குப்பம். அதன் ஒரு புறம் கடல்; மறுபுறம் பிரம்மஞான சபையின் பரந்த தோட்டம்; தெற்கே பெசன்ட் நகரின் அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களும். மாநகராட்சியின் அடையாறு மண்டலமே இவை அனைத்திற்கும் பொறுப்பாகும். ஒரே மேயர், ஒரே ஆணையர், ஒரே மண்டல அலுவலகம். எனவே ஒரே நிர்வாகம் அடுத்தடுத்து வாழும் இருவேறு மக்களை எவ்வாறு நடத்துகிறது என்பதை ஒப்பிட்டு அறிய இதனினும் பொருத்தமான இடம் அரிது.

இக்குப்பம் அண்மை ஆண்டுகளில் பலரும் அறிந்த பெயராயிற்று. 2015ஆம் ஆண்டு இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் அவ்வூர் மக்களோடு இணைந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவை நடத்தினர். மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் மட்டுமே கேட்கப்பட்டுவந்த கருநாடக இசை, மீனவர் தெருவில் பிற கலைகளுடன் ஒரே மேடையில் அரங்கேறியது. நகரத்தின் மறுபாதியினர் பலர் அன்றுதான் முதன்முறையாக அக்குப்பத்துக்குள் கால் வைத்தனர். பெசன்ட் நகரிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஓர் ஊருக்குள் நுழைய ஒரு விழா தேவைப்பட்டது என்பது, நகரில் நிலவும் விலக்கம் பெரும்பாலும் வேலியோ தடையுத்தரவோ இன்றியே நிகழ்வது என்பதை உணர்த்துகிறது.

ஒரு நூற்றாண்டுக்கு முன்

குப்பத்தின் பெயரில் நிலைத்திருக்கும் ஒல்காட், அமெரிக்க நாட்டவர். ஹென்றி ஸ்டீல் ஒல்காட் நிறுவனர்களுள் ஒருவராயிருந்த பிரம்மஞான சபை 1882இல் தன் தலைமையிடத்தை அடையாற்றில் அமைத்துக்கொண்டது. பஞ்சமர் என அந்நாளில் அழைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக அவர் 1894இல் அப்பகுதியில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய ஒல்காட் நினைவுப் பள்ளி அதன் வழிவந்ததே. அப்பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி தேவைப்பட்டதன் காரணம் வெளிப்படையானது. பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் பலவற்றின் வாயில் அவர்களுக்கு அடைபட்டிருந்தது. பள்ளி மட்டுமன்று, சாலை, கிணறு, குளம், சந்தை, அரசு அலுவலகம் எனப் பொதுவானவை அனைத்தும் உண்மையில் ஒரு சாராருக்கு மட்டுமே பொதுவாயிருந்தன.

இந்நிலைமைக்கு எதிரான முக்கியமான சட்டமன்ற நடவடிக்கை ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. 1924 ஆகஸ்ட் 22ஆம் நாள் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் எவ்வகுப்பினரும் நடமாடலாம் என்பதும், அரசு அலுவலகம், கிணறு, குளம், பொதுவிடம் ஆகியவற்றை யாவரும் பயன்படுத்தலாம் என்பதும் அதன் சாரம். அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது.

ஆனால் ஆணை வந்தபின்னரும் தடுப்போர் தடுத்துக்கொண்டே இருந்தனர். தடுத்தவரைத் தண்டிக்க அவ்வாணையில் வழியில்லை. எனவே அடுத்த சில ஆண்டுகளுக்குள் சட்டமன்ற உறுப்பினர் ஆர். வீரையனின் முயற்சியால் உள்ளாட்சிச் சட்டங்களில் திருத்தம் செய்யப்பட்டு, பொதுவழியில் செல்வோரைத் தடுப்பது தண்டனைக்குரியதாயிற்று. அதன்பின் 1938இல் எம்.சி. ராஜா முன்னின்று கொண்டுவந்த குடியுரிமைத் தடைகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. அறிவிப்பு, தண்டம், முழுமையான சட்டம் என இம்மூன்று படிகளையும் கடக்கப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. உரிமையை அறிவிப்பது வேறு. அதனை நடைமுறைப்படுத்தும் கருவியை அமைப்பது வேறு என்பதே அப்பதினான்கு ஆண்டுகள் தரும் பாடம்.

இதே காலத்தில் இன்னொரு வழியும் இந்நகரில் தோன்றியது. 1920இல் பி. தியாகராயச் செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் மாணவருக்கு மதிய உணவு வழங்க முடிவு செய்தது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்குப் பசியே காரணம் என்பதை உணர்ந்து எடுக்கப்பட்ட முடிவு அது. பள்ளியின் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, பிள்ளை அதனை அடையும் வகையும் செய்தல் வேண்டும் என்னும் சிந்தனை இம்முடிவில் அடங்கியிருந்தது.

சட்டம் கூறுவது

விடுதலைக்குப்பின் இக்கோட்பாடுகள் அரசியலமைப்பில் இடம்பெற்றன. 14ஆம் பிரிவு அனைவரும் சட்டத்தின்முன் சமம் என்கிறது. 15ஆம் பிரிவு சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே அரசு வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு, அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுவிடம் ஆகியவற்றைப் பெயர் குறித்தே காக்கிறது. 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் இவ்வுட்பிரிவையும் அருகருகே வைத்துப் பார்ப்போர், சென்னையில் தோன்றிய கோரிக்கை தேசத்தின் அடிப்படை உரிமையாக உயர்ந்திருப்பதைக் காண்பர். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஈண்டு இரண்டு நுட்பங்களைக் கருதுதல் வேண்டும். முதலாவது, 12ஆம் பிரிவின்படி அரசு என்னும் சொல் உள்ளாட்சி அமைப்புகளையும் உள்ளடக்கும். எனவே மாநகராட்சியின் மருத்துவமனை எழுத்தரும் மயானக் காப்பாளரும் தம் பணியைச் செய்கையில் அரசின் கடமைக்கே உட்பட்டவராவர். இரண்டாவது, சமமாக நடத்துதல் என்பதற்கு அனைவரையும் ஒரே அச்சில் நடத்துதல் என்பது பொருளன்று. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது எனத் தீர்ப்பானபோது, அரசியலமைப்பின் முதல் திருத்தம் பின்தங்கியோருக்கான சிறப்பு ஏற்பாடுகளுக்கு இடமளித்தது. தாழ்ந்த நிலையில் உள்ளவரை மேலே கொணரும் ஏற்பாடு பாகுபாடாகாது என்பது அத்திருத்தத்தின் கருத்து.

பாகுபாட்டின் மூன்று முகங்கள்

சட்டங்கள் இத்துணை இருந்தும் பாகுபாடு எவ்வாறு நுழைகிறது? அது நுழையும் வழிகள் மூன்று எனலாம்.

முதல் வழி நேரடி விலக்கம். இது குறைந்துள்ளதே அன்றி மறையவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்றது. 2023இல் அது மாநிலமெங்கும் விரிந்தபோது, கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பட்டியலினப் பெண் ஒருவர் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது எனப் பெற்றோர் சிலர் தடுத்தனர். மாவட்ட நிர்வாகம் உடனே தலையிட்டது. சேவையைப் பெறுவோர் மட்டுமன்றிச் சேவையை வழங்குவோரும் இழிவுக்கு உள்ளாகலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

நேரடி விலக்கம் சில வேளைகளில் சொல்லின் வடிவிலும் வரும். 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்று பரவியபோது, தில்லி மாநாட்டுக்குச் சென்று திரும்பியோர் தமிழக அரசின் அன்றாட அறிக்கைகளில் தனியே சுட்டப்பட்டனர். பின்னர் 'ஒற்றை மூலம்' என்னும் சொல் அவ்விடத்தில் ஆளப்பட்டது. நோய்த் தடுப்புக்குத் தொடர்பு அறிதல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சமூகத்தை நோயோடு இணைத்துப் பேசும் அறிவிப்பு, மருத்துவமனைக்கு வரவேண்டியவரை வராமல் ஒளியச் செய்கிறது. அந்நாட்களில் நம் மக்களில் எத்தனை பேர் காய்ச்சலைச் சொல்லவே அஞ்சினர் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார். எவரையும் தடுக்காமலேயே ஒரு சேவை தன் பயனாளியை இழந்துவிட முடியும்.

இரண்டாம் வழி, அனைவருக்கும் பொதுவாகத் தோன்றும் விதி. இதனைச் சட்ட வல்லுநர் மறைமுகப் பாகுபாடு என்பர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் கிரிக்ஸ் வழக்கில் இக்கருத்தை ஏற்றது. நம் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் பெண் இராணுவ அலுவலர் தொடர்பான நிதிஷா வழக்கில் இதனைத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. விதி எவர் பெயரையும் குறிப்பிடாது. ஆனால் அதன் சுமை ஒரு சாரார்மேல் மட்டும் விழும்.

கடற்கரை மக்களின் வாழ்வில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின், 2005 மார்ச் 30ஆம் நாள் தமிழக அரசு 172ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் சேதமுற்ற வீடுகளுக்கு உரியோர், தம் இடத்தை விட்டுக்கொடுத்து அப்பால் சென்றால் புதுவீடு பெறுவர். அங்கேயே தங்க விரும்புவோர் வீட்டைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளலாம், அரசின் உதவி கிட்டாது என்பது அதன் ஏற்பாடு. பாதுகாப்பை முன்னிட்ட விதி என்ற அளவில் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் படகும் வலையும் கரையில் இருக்க, கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வாசலில் நின்று பார்த்துத் தொழிலுக்குப் புறப்படும் மீனவனுக்கும், எங்கிருந்தும் அலுவலகம் செல்லக்கூடியவருக்கும் அந்த 200 மீட்டர் ஒரே பொருளுடையதன்று. அதே பேரிடரில் நிவாரணம் மீனவர் பட்டியலின்படி வழங்கப்பட்ட இடங்களில், கடலோரத்தில் கூலி வேலை செய்த ஒடுக்கப்பட்ட மக்களும் இருளர்களும் பட்டியலுக்கு வெளியே நின்றனர். ஒரு பட்டியல் ஒருவரைக் காக்கும்போதே மற்றொருவரை விலக்கிவிடுகிறது.

பட்டியலைப் போன்றதே வரைபடமும். நகர நிர்வாகம் எதனை வரைபடத்தில் காண்கிறதோ அதற்கே வடிகாலும் கழிப்பறையும் விளக்கும் திட்டமிடும். வலை உலர்த்தும் மணற்பரப்பும், படகு நிறுத்தும் கரையும், ஊர்க்கூட்டம் கூடும் திடலும் பட்டா இல்லாத நிலங்கள். ஆகவே ஏட்டின் கண்ணுக்கு அவை வெற்றிடங்கள். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களை வரைபடத்தில் குறித்து அவர்களது நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்குமாறு கூறியது. ஆனால் 2023இல் தமிழகக் கடலோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வெளிவந்தபோது, தம் ஊர்களும் பொதுவிடங்களும் முறையாகக் குறிக்கப்படவில்லை எனச் சென்னை மீனவர்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முறையிட்டனர். வரைபடத்தில் விடுபட்ட ஊர் நாளை வரும் ஒவ்வொரு திட்டத்திலும் விடுபடும் என்பதே அவர்களது அச்சம்.

மூன்றாம் வழி, செய்யவேண்டிய ஏற்பாட்டைச் செய்யாமை. சக்கர நாற்காலியில் வாழ்பவருக்குக் கடற்கரை எவராலும் மறுக்கப்படவில்லை. மணல்தான் அவரைத் தடுத்தது. மெரினாவில் பல ஆண்டுகளாக, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை இடப்பட்டுவந்தது. 2022 நவம்பர் 27ஆம் நாள் 263 மீட்டர் நீளமுள்ள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் அது சேதமுற்றுப் பின்னர்ச் செப்பனிடப்பட்டது. பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் அத்தகைய பாதை அமைந்தது. ஆண்டுக்கொருமுறை கிடைத்த சலுகை நாள்தோறும் உள்ள உரிமையாக மாறியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உரிய வசதி செய்து தர மறுப்பதையே பாகுபாடு என வரையறுத்திருப்பதால், ஏற்பாடின்மை இன்று வெறும் குறைபாடு அன்று, சட்டமீறலாகும்.

வினவாமல் வழங்கும் முறை

இம்மூன்று வழிகளையும் அடைக்கும் எளிய உத்தி ஒன்றும் சென்னையிலேயே கண்டறியப்பட்டுள்ளது. 2013 பிப்ரவரி 19ஆம் நாள் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்கும் தயிர்ச்சாதம் மூன்று ரூபாய்க்கும் சாம்பார்ச்சாதம் ஐந்து ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. அங்கு வருவோரிடம் குடும்ப அட்டையோ முகவரிச் சான்றோ வருமானச் சான்றோ கேட்கப்படவில்லை. நேற்று இரயிலிலிருந்து இறங்கிய வடநாட்டுத் தொழிலாளியும், வீடற்ற முதியவரும், ஆட்டோ ஓட்டுநரும், மாணவரும் ஒரே வரிசையில் நின்றனர். சான்றிதழ் கேட்காத இடத்தில் சான்றிதழ் இல்லாதவர் விலக்கப்படுவதில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு வழங்கப்படும் கட்டணமில்லாப் பயணமும் இவ்வகையினதே. அங்குப் பெண் தன் வறுமையை மெய்ப்பிக்கத் தேவையில்லை. எல்லாச் சேவைகளையும் இவ்வாறு நடத்த இயலாது. வீடு, நிவாரணம், உதவித்தொகை ஆகியவற்றில் தகுதி ஆராய்ந்தே தீரவேண்டும். அங்கேதான் கண்காணிப்பு இன்றியமையாததாகிறது.

பிற நாட்டு முறைகள்

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, நடுவணரசின் நிதியைப் பெறும் எந்நிறுவனமும் இனம், நிறம், பிறப்பு நாடு ஆகியவற்றைக் காரணமாக்கி எவரையும் விலக்கலாகாது என்றது. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் உடற்குறையுள்ளோருக்கு அதே பாதுகாப்பை அளித்தது. இவற்றின் விளைவாக அந்நாட்டு நகரங்கள் தத்தம் பாகுபாடின்மைக் கொள்கையை வெளிப்படையாக அறிவிக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளின்படி ஐம்பது பணியாளருக்குக் குறையாத உள்ளாட்சி ஒவ்வொன்றும் இதற்கென ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்து, முறையீட்டு நடைமுறையையும் வெளியிடுதல் வேண்டும். முறையிட விரும்புபவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

ஆயினும் அங்கும் ஒரு பாடம் உண்டு. ஆங்கிலம் அறியாதோர்க்கு அரசுச் சேவைகளில் மொழியுதவி அளிக்குமாறு 2000ஆம் ஆண்டில் பிறந்த அதிபர் ஆணை, 2025 மார்ச்சில் வேறோர் அதிபர் ஆணையால் திரும்பப் பெறப்பட்டது. ஒரு கையொப்பத்தால் வந்தது மற்றொரு கையொப்பத்தால் போயிற்று. கொள்கை சட்டத்தில் வேரூன்றாவிடின் அது ஆள்வோரின் மனநிலைக்கேற்ப மாறும்.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மேலும் ஓரடி முன் சென்றது. அதன் 149ஆம் பிரிவின்படி பொது நிறுவனங்கள் தம் பணிகளை ஆற்றும்போதே பாகுபாட்டை நீக்குவது குறித்தும் வாய்ப்புச் சமத்துவத்தை வளர்ப்பது குறித்தும் உரிய கவனம் செலுத்தியாக வேண்டும். முறையீடு வரும்வரை காத்திருத்தல் அங்குப் போதாது. முடிவெடுப்பவர் முன்கூட்டியே சிந்தித்தல் வேண்டும்.

ஹிஸ்பாவின் பாடம்

இவ்விடத்தில் நம் மரபு நினைவுக்கு வருகிறது. நீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்னும் கருத்தமைந்த நபிமொழியிலிருந்து ஃபிக்ஹ் அறிஞர்கள் பொது உடைமைகள் பற்றிய சட்டங்களை வகுத்தனர். பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு அருளப்பெற்ற 'அபஸ' அத்தியாயத்தை நாம் ஓதிவருகிறோம். செல்வாக்குடையோரிடம் பேசிக்கொண்டிருக்கும் வேளையிலும், தேடி வந்த எளியவரின் உரிமை தவறலாகாது என்பதை அதனினும் வலிமையாக உணர்த்தும் சான்று வேறில்லை. ஓர் அலுவலக முகப்பில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது பாடமாகும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரந்து நின்ற முதிய யூதர் ஒருவரைக் கண்டு, அவர்மீதிருந்த ஜிஸ்யாவை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் உதவ ஆணையிட்ட செய்தியை இமாம் அபூயூசுஃப் தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார்கள். இளமையில் வரி வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடுதல் நீதியாகாது என்பதே அதில் கூறப்படும் காரணம். சேவைக்கு அடிப்படை சமயம் அன்று. தேவையே என்பதற்கு இது தெளிவான முன்மாதிரி. இங்குக் கருதத்தக்கது இன்னொன்றும் உண்டு. அம்முதியவர் கலீஃபாவின் அவைக்கு வந்து முறையிடவில்லை. கலீஃபாவே வழியில் அவரைக் கண்டார்கள்.

இதனை ஒரு பதவியின் இலக்கணமாகவே வகுத்தவர் பாக்தாதின் பேரறிஞர் அல்மாவர்தீ ஆவார். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த அவர், அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா என்னும் நூலில் காழிக்கும் முஹ்தஸிபுக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குகிறார். வழக்காளர் வந்து நின்றால்தான் காழி வழக்கை விசாரிப்பார். முஹ்தஸிபோ எவரும் முறையிடாதபோதும் தாமே சென்று ஆராயும் உரிமை உடையவர். ஊரின் நீர்வழி பழுதுபட்டாலும், மதில் இடிந்தாலும், வழிப்போக்கர் தங்க இடமின்றித் தவித்தாலும் அதனைச் சீர்செய்விப்பது அவரது பொறுப்பாகும்.

இவ்வேறுபாட்டை இன்றைய நிலையோடு பொருத்திப் பார்ப்போம். நம் நாட்டுப் பாகுபாடு எதிர்ப்புச் சட்டங்கள் பெரும்பாலும் காழியின் முறையிலேயே இயங்குகின்றன. பாதிக்கப்பட்டவர் வரவேண்டும், சான்று காட்டவேண்டும், தன் ஊராரையும் மேலதிகாரியையும் பகைத்துக்கொள்ளவும் துணியவேண்டும். நாட்கூலியை இழந்து மண்டல அலுவலகத்துக்கு நடக்க இயலாத பெண்ணின் குறை எந்த ஏட்டிலும் ஏறாது. முறையீடு இல்லை என்பதால் பாகுபாடும் இல்லை என நிர்வாகம் முடிவு செய்துவிடுகிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்குச் சட்ட உதவி, பாகுபாடு நிலவும் பகுதிகளைக் கண்டறிதல், காலந்தோறும் கள ஆய்வு ஆகியவற்றை அரசின் கடமையாக்கியுள்ளது. முஹ்தஸிபின் பணிக்கு நம் சட்டத்தில் நெருங்கி நிற்பது இப்பிரிவேயாகும். அது உயிருடன் இயங்கச் செய்வதே இன்று வேண்டப்படுவது.

மாநகராட்சி செய்யத்தக்கவை

1688இல் நிறுவப்பெற்று, இன்று 200 வட்டங்கள் கொண்டு விளங்கும் சென்னை மாநகராட்சிக்கு இதற்கான வாய்ப்புகள் குறைவன்று. 2022 மார்ச்சில், பட்டியலினப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்ட மேயர் பதவியை ஆர். பிரியா ஏற்றார். மன்ற இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. பகுதி சபைகளுக்கான விதிகளும் 2022இல் வகுக்கப்பட்டன. இவ்வமைப்புகளின்மேல் பாகுபாடின்மைக் கொள்கையைக் கட்டியெழுப்ப நான்கு ஏற்பாடுகள் தேவை எனக் கருதுகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு மருத்துவமனை, பள்ளி, மயானம், மண்டல அலுவலகத்தின் முகப்பிலும் எவ்வெக்காரணங்களால் எவரையும் மறுக்கலாகாது என்பதை எளிய தமிழில் எழுதிவைத்தல். இரண்டாவது, மண்டலந்தோறும் பெயரறியப்பட்ட பொறுப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, முறையீட்டுக்கு எழுத்தில் விடை தரும் கால வரம்பை வரையறுத்தல். 1913 என்னும் எண்ணில் குப்பையும் விளக்கும் பற்றிய குறைகளைப் பதிவு செய்யும் மக்களுக்கு, அவமதிப்பையும் மறுப்பையும் பதிவு செய்யும் வழி இருத்தல் நன்று. மூன்றாவது, புதிய திட்டம் ஒவ்வொன்றையும் நடைமுறைக்குக் கொணருமுன், அதன் சான்றிதழ்களும் எல்லைகளும் எவரை விலக்கும் என்று பகுதி சபையில் வினவுதல். நான்காவது, பயன்பெற்றோரை எண்ணுவதோடு நில்லாது பயன்பெறாதோரையும் தேடிச்சென்று எண்ணுதல். இந்நான்காவதே முஹ்தஸிபின் பணி. ஏனைய மூன்றும் இதனால்தான் உயிர்பெறும்.

நம் வாயில்கள்

பிறரிடம் கேட்கும் நீதியை நம்மிடமும் கேட்டுக்கொள்ளுதல் அறிவுடைமை. மஹல்லா ஜமாஅத்தும் தன் எல்லைக்குள் ஒரு பொதுச்சேவை நிறுவனமேயாகும். அதற்குக் கப்ருஸ்தான் உண்டு, பைத்துல்மால் உண்டு, திருமணப் பதிவேடு உண்டு. சந்தா ஏட்டில் பெயரில்லாத வாடகைக் குடும்பத்தின் ஜனாஸாவுக்கு நம் கப்ருஸ்தானில் தயக்கமின்றி இடம் கிடைக்கிறதா? வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டடப் பணி செய்யும் சகோதரர், தமிழ் அறியாததால் நம் உதவிப் பட்டியலில் விடுபடுகிறாரா? நாவிதத் தொழில் செய்யும் குடும்பத்தாருக்கு நிர்வாகக் குழுவில் இடமுண்டா? கைம்பெண் ஒருவர் தம் குறையை முத்தவல்லியிடம் நேரில் கூறும் வழி உண்டா? சக்கர நாற்காலியில் வரும் தொழுகையாளி பள்ளியின் படிகளை எவ்வாறு கடப்பார்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் இனப்பெருமையை நீக்கியதை மிம்பரில் ஆண்டுதோறும் எடுத்துரைக்கும் நாம், அவ்வுரையைப் பதிவேடுகளிலும் படிக்கட்டுகளிலும் நிறைவேற்றக் கடமைப்பட்டுள்ளோம். ஜமாஅத்துகள் இவ்வகையில் தம்மைத் திருத்திக்கொண்டால், மாநகராட்சியிடம் நாம் எழுப்பும் கோரிக்கைக்கும் வலிமை சேரும்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் கேட்டது, பொதுவழியில் தடையின்றி நடக்கும் உரிமையை. அவ்வழி இன்று சட்டத்தால் திறந்துள்ளது. இன்றைய தடைகள் படிவத்திலும் பட்டியலிலும் வரைபடத்திலும் படிக்கட்டிலும் உள்ளன. அவற்றை ஏற்படுத்தியவருக்கே பல வேளைகளில் அவை புலப்படுவதில்லை. எனவே அவற்றைக் காணும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர் தலையில் சுமத்தாமல், சேவையை வழங்குவோரே ஏற்றல் வேண்டும். ஊரூர் ஒல்காட் குப்பத்து வலைத்திடல் நகரின் வரைபடத்தில் ஏறுவதும், பெயரறியாத் தொழிலாளியின் ஜனாஸா நம் கப்ருஸ்தானில் ஏற்கப்படுவதும் ஒரே நீதியின் இரு செயல்களாம். இரண்டுக்கும் தொடக்கம், வராதவர் எவர் என்று நாமே எழுந்து சென்று பார்ப்பதேயாகும்.